காவசாக்கி நோய்

காவசாக்கி நோய் என்பது இரத்தக் குழாய்ச் சுவர்களில் அழற்சியை உண்டாக்கும் ஒரு காய்ச்சல் நோய் ஆகும். பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் இந்நோய், இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளைத் தாக்கக்கூடியது. சப்பானியக் குழந்தை மருத்துவர் தொமிசாக்கு காவசாக்கி இதன் முதல் நோயாளியை 1961இல் கண்டார். 50 குழந்தைகளைப் பற்றிய அவரது கட்டுரை 1967இல் வெளிவந்தது. நோய்க்கான காரணம் இன்றளவும் உறுதியாகவில்லை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

அறிகுறிகள்

5 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் கடுங்காய்ச்சலே முதன்மை அறிகுறி. இதனுடன் பீளை தள்ளாமல் இரு கண்களும் சிவத்தல், உதடு வெடித்து நாக்கு சிவத்தல், உடலில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவை காணப்படும். இவை எல்லாம் ஒரே நாளில் தோன்றுவதில்லை. ஒன்று மறைந்த பின் இன்னொன்று வரலாம் என்பதால், முந்தைய நாட்களில் கண்டதையும் மருத்துவரிடம் சொல்வது முக்கியம். கைக்குழந்தையின் தோளிலுள்ள பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு திடீரெனச் சிவந்து தடிப்பதும் நல்ல தடயமாகும்.

தமிழ்நாட்டில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் அம்மை எனக் கருதி, வேப்பிலை வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. தட்டம்மையில் இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்தே வரும். காவசாக்கி நோயில் அவை முதன்மையாக இருப்பதில்லை. மருந்தில்லாமலும் இக்காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தணிந்து, விரல் நுனியில் தோல் உரியும். பிள்ளை தேறிவிட்டதாகத் தோன்றும் இக்காலத்திலும் தமனிச் சுவர் வலுவிழந்து புடைக்கலாம். புடைப்பில் இரத்தம் உறைந்தால் சிறு வயதிலேயே மாரடைப்பு ஏற்படக்கூடும். சிகிச்சை பெறாத 100 பேரில் 25 பேர் வரை தமனிப் பாதிப்பு உண்டாகிறது; உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் இது ஏறத்தாழ 5 ஆகக் குறைகிறது.

சிகிச்சை

காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்ற அளவில் இம்யூனோகுளோபுலின் நரம்பு வழியே மெதுவாக ஏற்றப்படுகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 20 கிராம் தேவை. பலரின் இரத்த நீர்மத்திலிருந்து பிரித்தெடுக்கப்படுவதால் இதன் விலை அதிகம். பொதுவாகக் குழந்தைகளுக்குத் தவிர்க்கப்படும் ஆஸ்பிரின் இங்கு விதிவிலக்காக, மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுகிறது. இதயத் தமனிகளின் நிலை எக்கோ பரிசோதனையால் மீண்டும் மீண்டும் பார்க்கப்படும். ஏற்றிய இம்யூனோகுளோபுலின் தட்டம்மைத் தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் அத்தடுப்பூசி வழக்கமாக 11 மாதங்கள் தள்ளிவைக்கப்படுகிறது.

ஒத்த நோய்

கோவிட்-19 தொற்றுக்குப் பின் சில குழந்தைகளுக்கு இதையொத்த அழற்சி ஏற்பட்டது. இவர்களில் பலர் 5 வயதைக் கடந்தவர்கள். 2020இல் சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையில் இவ்வாறு பாதிக்கப்பட்ட சிறுவன் ஒருவன், இம்யூனோகுளோபுலினும் டோசிலிசுமாபும் பெற்றுக் குணமடைந்தான்.