கோடைக் காற்றும் வைக்கோல் போரும்

நவரை நெல் அறுவடையாகி, ஆண்டு முழுவதற்குமான மாட்டுத் தீவனம் போராக உயர்ந்து நிற்கும் வேளையும், கத்திரி வெயில் காயும் வேளையும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற ஊர்களில் வேறொரு தொல்லையும் உண்டு. மனைகளாகப் பிரித்து, வீடு கட்டப்படாமல் கிடக்கும் நிலங்களில் புல்லும் கோரையும் முழங்கால் உயரத்திற்குக் காய்ந்து நிற்கின்றன. அங்கு எறியப்படும் ஒரு பீடித்துண்டு அடுத்துள்ள களத்து வைக்கோலுக்கும் எமனாகலாம்.

வெயில் மட்டுமே தீயை வளர்ப்பதில்லை. காற்றிலுள்ள ஈரம் குறைவதே முதற்காரணம். ஈரம் அதே அளவில் இருக்க, வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். காலையில் பனியில் நமுத்துக் கிடந்த சருகு நண்பகலில் நொறுங்குவது இதனால்தான். மேற்கிலிருந்து வீசும் வறண்ட தரைக்காற்று சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. மேல்காற்று ஓங்கிக் கடற்காற்று தாமதிக்கும் நாட்களில்தான் நம் பகுதியில் வெப்பம் மிகுதியாக ஏறுகிறது. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று.

கடற்காற்று வந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். வெள்ளானூர் கடலிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால், கடற்கரைக்கு வந்த காற்று இங்கு வந்துசேரச் சிறிது நேரம் ஆகும். அதுவரை மேல்காற்றில் கிழக்கு நோக்கி ஓடிய தீ, கடற்காற்று புகுந்ததும் திசை மாறும். தீக்குப் பின்புறம் மேற்கே நின்றால் நமக்கென்ன என்று இருந்தவர் மீதே அது திரும்பி வரும். ஆகவே பிற்பகலில் புல் தீயை அணைக்கச் செல்வோர், ஒதுங்குவதற்கு உழுத வயலோ, முன்பே எரிந்து கருகிய தரையோ எங்கே உள்ளது என்று பார்த்துக்கொண்டு செல்லுதல் வேண்டும். வயல் தாளுக்குத் தீ வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுதல் நன்று. ஒரு டன் வைக்கோலிலுள்ள 5 முதல் 8 கிலோ தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போவதுதான் அதில் கண்ட பலன்.

வைக்கோல் போர் வெளித்தீ இல்லாமலும் எரியும். கோடை மழையில் நனைந்த வைக்கோலைச் சரிவர உலர்த்தாமல் போர் போட்டால், உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு ஏறும். புளித்த வாடையும், போரின் உச்சியில் ஆவியும் இதற்கு அறிகுறி. ஐயம் இருப்பின் ஒரு கடப்பாறையை நடுவரை செருகிக் கால்மணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். கையால் பிடிக்க முடியாத சூடு இருந்தால் போரைப் பிரிக்கக் கூடாது. காற்றுப் பட்டதும் குபீரென்று பற்றிக்கொள்ளும். தீயணைப்பு வண்டியை வரவழைத்து, தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே பிரிக்க வேண்டும். போரை வீட்டிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் 60 அடியேனும் தள்ளிப் போடுவது நலம். மின்கம்பிக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். வைக்கோல் கட்டுகளை உயரமாக ஏற்றிய வண்டி தாழ்ந்த கம்பியில் உரசித் தீப்பிடிப்பதும் அடிக்கடி கேள்விப்படும் செய்தியே.

தீப்பிடித்தால் உடனே 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். அணைத்துப் பார்த்து முடியாவிட்டால் கூப்பிடலாம் என்று காத்திருப்பதில்தான் போர் போய்விடுகிறது. புதுக்கோட்டைப் பக்கத்திலும் ஒரு வெள்ளானூர் உள்ளது. ஆகவே மாவட்டத்தை முதலில் சொல்லி, "ஆவடிப் பக்கத்து வெள்ளானூர்" என்று தெளிவாகக் கூறுங்கள். எரிவது என்ன, எந்த வழியாக வர வேண்டும், அருகில் தண்ணீர் எங்குள்ளது என்பவற்றையும் சொல்லி, பிரதான சாலையில் ஒருவரை நிறுத்துங்கள். மாடுகளைத் தும்பை அறுத்தாவது வெளியேற்றுங்கள்.

வண்டி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்பதும் இல்லை. வழக்கமான தீயணைப்பு வண்டியில் இருப்பது 4,500 லிட்டர் தண்ணீர். முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வைக்கோல் போரோ மேலே ஊற்றும் நீரை வழியவிட்டு உள்ளே கனன்றுகொண்டிருக்கும் பொருள். அதைப் பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். வண்டியின் பம்பு ஏரி, குட்டை, கிணற்றிலிருந்து நீரை உறிஞ்ச வல்லதுதான். ஆனால் நீர்மட்டம் ஏறக்குறைய 7 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் எந்த உறிஞ்சு பம்பாலும் சரிவர எடுக்க முடியாது. மே மாதத்தில் நம் கிணறுகளின் நிலை உங்களுக்குத் தெரிந்ததே. அப்போது கைகொடுப்பது உங்கள் பம்புசெட் மோட்டார்தான். அதுவும் தீ விபத்திற்காக மின்சாரத்தை நிறுத்தினால் நின்றுவிடும். எனவே களத்தருகே நிரம்பிய தொட்டி ஒன்றும், ஊரில் டீசல் இன்ஜின் ஒன்றும் இருப்பது பயன் தரும்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளும் வெடிபொருளும் ஏற்றிய கப்பலில் தீப்பிடித்து, அதை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் பலர் மாண்டனர். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடைபெறுகிறது. நமக்கு அது சித்திரை பிறக்கும் வாரம். அவ்வாரத்தில் நிலையத்தார் பொது இடங்களில் செயல்விளக்கம் நடத்துவதுண்டு. ஊராட்சி வழியாகக் கேட்டு அவர்களை ஊருக்கு அழையுங்கள். களத்திற்குப் போகும் பாதையில் வண்டி திரும்ப இடமுண்டா, எந்தக் குட்டையில் இன்னும் நீர் இருக்கிறது என்பதை அவர்களையே நேரில் பார்க்கச் செய்யுங்கள்.