பழைய பாரிசைப் பெட்டிக்குள் அடைத்தவர்

பொழுது இன்னும் நன்றாகப் புலரவில்லை. பாரிஸ் நகரம் உறங்கிக் கொண்டிருந்தது. ரொட்டிக் கடைகளில் மட்டும் அடுப்பு எரிந்தது.

குறுகலான சந்து ஒன்றில் ஒரு மனிதர் நடந்து வந்தார். உடம்பில் ஒட்டுப் போட்ட பழைய கோட்டு. கையில் கனத்த பெட்டி. தோளில் மூன்று கால் உள்ள மரத் தாங்கி.

ஒரு பழைய வீட்டின் முன் அவர் நின்றார். தாங்கியை விரித்தார். பெட்டியிலிருந்து மரக் காமிராவை எடுத்து அதன் மேல் பொருத்தினார். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக் கொண்டு குனிந்தார்.

எதைப் படம் பிடித்தார்? அரண்மனையையா? உலகமே பார்க்க வரும் ஈபிள் கோபுரத்தையா?

இரண்டும் இல்லை. வீட்டுக் கதவில் தொங்கிய இரும்பு வளையத்தை! வந்தவர்கள் கதவைத் தட்டுவதற்காக மாட்டியிருந்த சாதாரண வளையம் அது.

அந்த மனிதரின் பெயர் யூஜின் அட்ஜே. சுமார் முப்பது ஆண்டுகள் அவர் இப்படியே அலைந்தார். பாரிசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏறக்குறைய 8,500 படங்கள் எடுத்தார். கதவு, படிக்கட்டு, முற்றம், கடை, வண்டி, தெருவில் கூவி விற்பவர்கள் என்று யாரும் திரும்பிப் பார்க்காத பொருள்களாகவே தேடித் தேடிப் பிடித்தார்.

கப்பலிலிருந்து நாடகத்துக்கு

அட்ஜே 1857-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் லிபூர்ன் என்ற ஊரில் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார்.

வாலிப வயதில் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு நடிகராக வேண்டும் என்ற ஆசை பிடித்துக் கொண்டது. பாரிசுக்கு வந்து நாடகப் பள்ளிக்குப் பரீட்சை எழுதினார். முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை இடம் கிடைத்தது. ஆனால் அப்போது அவர் பட்டாளத்தில் கட்டாயச் சேவையும் செய்ய வேண்டியிருந்தது. வகுப்புக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. 1881-ல் பள்ளியிலிருந்து நீக்கி விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவில் சிறு சிறு வேடங்களில் நடித்தார். அங்கேதான் வாலண்டீன் என்ற நடிகையைச் சந்தித்தார். கடைசி வரை அவருக்கு வாழ்க்கைத் துணையாக இருந்தவர் இவரே.

தொண்டையில் நோய் கண்டதால் நடிப்புத் தொழிலும் போயிற்று. சித்திரம் தீட்டிப் பார்த்தார். அதுவும் சோறு போடவில்லை. முடிவில் காமிராவைக் கையில் எடுத்தார்.

கதவில் ஒரு பலகை

அட்ஜே தம் வீட்டு வாசலில் ஒரு சிறு பலகை மாட்டினார். ‘சித்திரக்காரர்களுக்கு ஆதாரப் படங்கள்’ என்பது அதன் பொருள்.

ஓவியர் ஒருவர் மரத்தையோ வண்டியையோ பழைய வாசலையோ வரைய வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்துக் கொண்டிருக்க முடியுமா? அட்ஜேயிடம் போட்டோ வாங்கினால் வீட்டில் இருந்தபடியே பார்த்து வரையலாம். இதுதான் அவருடைய வியாபாரம்.

தாம் ஒரு கலைஞர் என்று அவர் சொல்லிக் கொண்டதில்லை. மற்றவர்களுக்கு உதவும் பொருளைத் தயாரித்துக் கொடுக்கிறவர் என்றே தம்மை நினைத்தார்.

இடிபடும் நகரம்

அவருக்கு முந்தின தலைமுறையில் பாரிஸ் தலைகீழாக மாறியிருந்தது. 1853 முதல் ஓஸ்மான் என்ற அதிகாரி நகரத்தின் பழைய பகுதிகளை இடித்துத் தள்ளினார். சந்துகள் மறைந்தன. நீண்டு அகன்ற சாலைகள் தோன்றின. அவர் பதவியை விட்டுப் போன பிறகும் இடிக்கும் வேலை ஓயவில்லை. 1900-ல் பூமிக்கு அடியில் ரயில் ஓடத் தொடங்கியது.

“பழைய பாரிஸ் போய் விடுமே!” என்று சிலருக்குக் கவலை பிறந்தது. 1897-ல் நகர சபை இதற்காக ஒரு குழுவையே அமைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அட்ஜேயும் பழைய தெருக்களுக்குள் நுழைந்தார். நகரத்தின் சரித்திர நூல் நிலையமும் பொருட்காட்சி சாலையும் அவருடைய படங்களை வாங்கத் தொடங்கின. இன்று படம் எடுத்த வீடு அடுத்த ஆண்டு இருக்குமோ இருக்காதோ! அவர் வேகமாக நடக்க வேண்டியிருந்தது.

சூரியன் அச்சடித்த படங்கள்

இக்காலத்தில் பொத்தானைத் தொட்டால் படம் வந்து விடுகிறது. அட்ஜேயின் வேலை அவ்வளவு சுலபமாக இல்லை.

அவருடைய காமிராவுக்குள் பிலிம் சுருள் கிடையாது. 18 சென்டிமீட்டர் அகலமும் 24 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கண்ணாடித் தகடுகளைத்தான் செருக வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு தகடு. தகடுகளின் பாரமே முதுகை வளைக்கும்.

கறுப்புத் துணிக்குள் குனிந்து பார்த்தால் தெரு தலைகீழாகத் தெரியும். வெளிச்சம் தகட்டில் நன்றாகப் பதிய நேரம் பிடிக்கும். அதற்குள் யாராவது நடந்து போனால் அவர் படத்தில் புகை போலத்தான் தெரிவார். கூட்டமும் வண்டிகளும் குறுக்கே வராத விடியற்காலையை அட்ஜே விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவருடைய பல படங்களின் மேல் மூலைகள் வளைவாகக் கறுத்திருக்கும். உயரமான கட்டடம் முழுவதும் விழ வேண்டும் என்று காமிராவின் கண்ணை மேலே தூக்குவார். அந்தக் கண்ணுக்கு அத்தனை அகலம் பார்க்கும் சக்தி இல்லை. ஆகவே மூலைகள் இருண்டு விடும். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கட்டடம் விழுந்ததா? அது போதும்.

படத்தைக் காகிதத்தில் ஏற்றுவதற்குச் சூரியனே உதவி செய்தது. முட்டையின் வெள்ளைக் கரு பூசிய காகிதத்தின் மேல் கண்ணாடித் தகட்டை வைத்து வெயிலில் காட்டுவார். மெல்ல மெல்ல உருவம் எழும். பிறகு மருந்து நீரில் கழுவி எடுப்பார். அதனால்தான் அந்தப் படங்களுக்கு இதமான பழுப்பு நிறம் அமைந்தது.

தெருவில் கண்ட அதிசயங்கள்

இத்தனை சிரமப்பட்டு அவர் பிடித்த காட்சிகள் எவை?

தெருவில் ஒரு கிழவர் கைப்பெட்டி இசைக் கருவியைச் சுற்றிக் கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு குள்ளமான பெண் முகத்தை அண்ணாந்து வைத்துக் கொண்டு பாடுகிறாள். அவள் முகம் முழுவதும் சிரிப்பு! காசு விழுந்ததோ இல்லையோ, அந்தச் சிரிப்பு நூறு ஆண்டுகளுக்கு மேலாக மங்காமல் இருக்கிறது.

1912-ல் எடுத்த ஒரு படம். பெண்கள் இடையை இறுக்கிக் கட்டும் கச்சுகள் விற்கிற கடை. தலையும் கையும் இல்லாத பொம்மைகளுக்குக் கச்சு மாட்டி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். வாசலில் தொங்கும் ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிகிறது. காற்றில் அது ஆடியிருக்கிறது! காற்றையே அட்ஜே படம் பிடித்து விட்டார்.

அதே 1912-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி சூரிய கிரகணம் பிடித்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அட்ஜேயோ வானத்தைப் பார்க்கும் ஜனங்களைப் பார்த்தார். கண்ணுக்கு நேரே கண்ணாடியை வைத்துக் கொண்டு, ஒரே திசையில் அண்ணாந்து நிற்கும் கூட்டம் அந்தப் படத்தில் இருக்கிறது. கிரகணம் இல்லை.

நகரின் கோட்டைச் சுவருக்கு வெளியே பரம ஏழைகள் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். கந்தலும் குப்பையும் பொறுக்கி விற்பது அவர்கள் தொழில். அட்ஜே அவர்களிடமும் போனார். வண்டியோடும் மூட்டையோடும் குழந்தைகளோடும் அவர்களைப் படம் எடுத்தார். அந்தக் கோட்டைச் சுவரை 1919 முதல் இடித்து விட்டார்கள். குடிசைகளும் போயின. அந்தப் பகுதியில் இப்போது மோட்டார் வண்டிகள் விரையும் சுற்றுச் சாலை ஓடுகிறது.

பாரிசுக்குள் பியேவ்ர் என்று ஒரு சிற்றாறு இருந்தது. அதன் கரையில் தோல் பதனிடுகிறவர்கள் வேலை செய்தார்கள். நாற்றம் தாங்காமல் ஆற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, 1912-ல் நகரத்துக்குள் அதன் சுவடே தெரியாமல் செய்து விட்டார்கள். அட்ஜேயின் படங்களில் அந்த ஆறு இன்னும் ஓடுகிறது.

போரும் பயமும்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. வாலண்டீனின் மகன் போர்முனையில் மாண்டான். அட்ஜே படம் எடுப்பதை ஏறக்குறைய நிறுத்தி விட்டார். கண்ணாடித் தகடுகளை நிலவறையில் கொண்டுபோய் வைத்துப் பாதுகாத்தார்.

போர் முடிந்தது. அவருக்கு வயதாகி விட்டது. சொத்துக்கு வாரிசு இல்லை. ‘மதிப்புத் தெரியாதவர் கையில் அகப்பட்டு இவை பாழாகி விடுமோ?’ என்ற பயம் அவரை வாட்டியது. அதை மனம் விட்டு எழுதி அரசாங்கத்துக்கே கடிதம் அனுப்பினார்.

1920-ல் அரசாங்கம் 2,600-க்கும் மேற்பட்ட தகடுகளை 10,000 பிராங்குக்கு வாங்கிக் கொண்டது. அட்ஜேயின் மனம் சற்று ஆறுதல் அடைந்தது. கையில் பணம் வந்ததும் ஓய்வு எடுத்தாரா? இல்லை. மறுபடியும் பெட்டியைத் தூக்கிக் கொண்டு புறப்பட்டு விட்டார்!

“என் பெயரைப் போடாதீர்கள்!”

அவர் வசித்த தெருவிலேயே மான் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் குடியிருந்தார். கனவுகளையும் விந்தைகளையும் போற்றிய இளைஞர் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். கிழவரின் படங்கள் அவரை மயக்கின. சிலவற்றை விலைக்கு வாங்கினார்.

1926-ல் அந்தக் கூட்டத்தார் தங்கள் பத்திரிகையின் அட்டையில் கிரகணப் படத்தை வெளியிட்டார்கள். “என் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆதாரப் படங்கள்தானே” என்று அட்ஜே கேட்டுக் கொண்டாராம். பெயரில்லாமலே படம் வந்தது.

அதே ஆண்டில் வாலண்டீன் காலமானார். நாற்பது ஆண்டுத் துணை போய் விட்டது. அட்ஜே நொடித்துப் போனார்.

மாடிப்படி ஏறி வந்த பெண்

மான் ரேயிடம் உதவியாளராக இருந்தவர் பெரனிஸ் அபட் என்ற அமெரிக்கப் பெண். 1925-ல் அட்ஜேயின் படங்களைப் பார்த்ததும் அவர் திகைத்துப் போனார். தேடிக் கொண்டு கிழவரின் மாடிக்கே போனார். கையில் காசு சேரும் போதெல்லாம் படம் வாங்கினார்.

ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்த இந்த மனிதரை ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அபட்டுக்கு ஆசை. 1927-ல் தம்முடைய கூடத்துக்கு அவரை அழைத்தார்.

அட்ஜே வந்தார். ஒட்டுப் போட்ட கோட்டு அன்று இல்லை. நல்ல கோட்டாகப் பார்த்து அணிந்திருந்தார்! வேலை உடுப்பில் வந்திருக்கக் கூடாதா என்று அபட்டுக்கு ஏமாற்றம். ஆனாலும் நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்தார். கூன் விழுந்த தோள்; களைத்த முகம்; ஆழ்ந்த கண்கள்.

படங்களை அச்சிட்டு எடுத்துக் கொண்டு, கிழவரிடம் காட்டப் போனார் அபட். மாடிப்படிகளில் ஏறினார். கதவைப் பார்த்தார். அந்தச் சிறு பலகையைக் காணவில்லை!

இறங்கி வந்து காவற்காரரிடம் விசாரித்தார். அட்ஜே இறந்து விட்டார் என்ற பதில்தான் கிடைத்தது. 1927 ஆகஸ்ட் 4-ந் தேதி அவர் காலமாகியிருந்தார். தம்முடைய படத்தை அவர் பார்க்கவே இல்லை.

கடல் கடந்த புதையல்

அபட் அழுதுகொண்டு திரும்பிப் போய் விடவில்லை. மிச்சமிருந்த தகடுகள் என்ன ஆகுமோ என்று துடித்தார். அவற்றுக்குப் பொறுப்பாளர் அட்ஜேயின் நாடகக் கால நண்பர் கல்மெத் என்று அறிந்தார். அவரைத் தேடிப் பிடித்தார். 1928-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளையும் ஆயிரக்கணக்கான படங்களையும் விலைக்கு வாங்கினார்.

1929-ல் அவையெல்லாம் அவரோடு நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தன. 1930-ல் அட்ஜேயைப் பற்றி ஒரு புத்தகம் வெளிவந்தது. பெயர் வேண்டாம் என்றவரின் பெயர் உலகெங்கும் பரவத் தொடங்கியது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அபட் அந்தப் புதையலைக் கட்டிக் காத்தார். 1968-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சி சாலை அதை வாங்கிக் கொண்டது.

இன்னொரு காரியமும் அபட் செய்தார். நியூயார்க்கில் பழைய வீடுகளை இடித்து விண்ணைத் தொடும் கட்டடங்களை எழுப்பிக் கொண்டிருந்தார்கள். அட்ஜேயைப் போலவே அபட்டும் காமிராவைத் தூக்கிக் கொண்டு தெருத் தெருவாக அலைந்தார். ரொட்டிக் கடை, பாலம், வண்டி என்று எடுத்துத் தள்ளினார். 1939-ல் அவை ‘மாறிவரும் நியூயார்க்’ என்ற புத்தகமாயின.

கண்ணாடிக் கதவில் ஒரு நிழல்

அட்ஜே 1908-ல் எடுத்த படம் ஒன்று உண்டு. ஒரு சிறிய மதுக்கடையின் கண்ணாடிக் கதவு. உள்ளே இருந்து இரண்டு ஆட்கள் ‘யார் இவர்?’ என்பது போல வெளியே எட்டிப் பார்க்கிறார்கள்.

அந்தக் கண்ணாடியை உற்றுப் பார்த்தால் இன்னோர் உருவமும் தெரியும். மூன்று கால் தாங்கி, மேலே காமிரா, பக்கத்தில் ஒரு மனிதரின் நிழல். அட்ஜேதான்!

கடை போயிற்று. எட்டிப் பார்த்தவர்களும் போய் விட்டார்கள். கண்ணாடியில் விழுந்த நிழல் மட்டும் இன்னும் நிற்கிறது. தினமும் பார்க்கிற வாசலும், தெருமுனைக் கடையும், கூவி விற்கிறவரின் முகமும் என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவை இருக்கும்போதே அவற்றைப் பார்த்து வைத்தவர் அட்ஜே. அவர் இருக்கும்போதே அவரைப் பார்த்து வைத்தவர் அபட். சில வாரம் தாமதித்திருந்தால் அந்த முகமும் கிடைத்திருக்காது.