ஒளியை அளந்தறிதல்

பனி பொழிந்த காலையில் சிம்லாவில் எடுக்கப்படும் ஒளிப்படங்கள் பலவற்றில் பனி வெண்மையாகத் தோன்றுவதில்லை. சாம்பல் படிந்ததுபோல் மங்கிக் காணப்படுகிறது. கரிய எருமையை அண்மையில் நின்று எடுத்தாலோ, அதன் கருமை வெளிறிவிடுகிறது. இவ்விரண்டிலும் கருவியில் பழுது ஏதும் இல்லை. கேமராவினுள் இருக்கும் ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சி வெண்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறமுடையது எனக் கொண்டே கணக்கிடுகிறது. ஆதலால், பனியை எடுக்கும்போது ஒளியைச் சற்றுக் கூட்டவும், எருமையை எடுக்கும்போது சற்றுக் குறைக்கவும் வேண்டும். ஒளியை அளப்பது கருவியின் வேலை. எது வெண்மை, எது கருமை என்று முடிவு செய்வது படமெடுப்பவரின் வேலை.

ஒளியளவை ஆளும் மூன்று

படத்தின் ஒளியளவை மூன்று கூறுகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, லென்சின் துளை. எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8 என எண் ஏற ஏறத் துளை சிறுத்து, ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் ஒளி பாதியாகும். இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு நேரம் திறந்தால், 125-இல் ஒரு பங்கு நேரம் திறப்பதைவிட ஏறத்தாழ இருமடங்கு ஒளி சேரும். ஆனால் ஓடுபவரின் உருவம் கலங்கக்கூடும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறன். இதனை மிகவும் உயர்த்தினால், படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்துச் சமன் செய்தல் வேண்டும்.

சரிபார்க்கும் முறை

எடுத்த படத்தைக் கேமராவின் திரையில் பார்ப்பது மட்டும் போதாது. வெயிலில் திரை மங்கலாகவும், இருளில் அதே திரை பளிச்சென்றும் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடமோ ஏமாற்றுவதில்லை. அதன் இடப்பக்கம் படத்தின் இருண்ட பகுதிகளையும், வலப்பக்கம் ஒளிமிகுந்த பகுதிகளையும் குறிக்கும். வரைபடம் வலப்பக்க ஓரத்தில் முட்டிக் குவிந்திருந்தால், வெள்ளைச் சட்டையின் மடிப்புகளும் நெசவும் பதிவாகாமல் வெறும் வெண்மையாகியிருக்கலாம். இருண்ட பகுதியைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். முற்றிலும் வெளுத்த பகுதியில் மீட்பதற்கு ஒன்றும் இராது.

ஃபிளாஷின் எல்லை

இயற்கை ஒளி போதாதபோது ஃபிளாஷ் துணை செய்கிறது. ஆயினும் அதன் ஒளி விரைவில் தளர்ந்துவிடும். 2 மீட்டர் தொலைவில் நிற்பவர்மீது படும் ஒளியில் நான்கில் ஒரு பங்கே 4 மீட்டர் தொலைவில் நிற்பவரை எட்டும். 6 மீட்டரில் அது ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். அரங்கின் பின்வரிசையிலிருந்து ஃபிளாஷைப் பயன்படுத்துபவருக்கு மேடை கிட்டுவதில்லை. முன்வரிசையினரின் பின்தலைகளே கிட்டுகின்றன.

மைசூர் அரண்மனையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் விளக்குகள் ஒளிரும் இரவில், அதன் முன் நிற்பவரைப் படமெடுப்பதாகக் கொள்வோம். அருகில் நிற்பவரின் முகத்தை ஃபிளாஷ் துலக்கும். தொலைவிலுள்ள அரண்மனையை அது எட்டாது. அரண்மனை தன் விளக்கொளியாலேயே பதிவாக வேண்டும். அதற்கு ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து, கேமராவை அசையாமல் முக்காலியில் நிறுத்த வேண்டும். முகத்திற்கு ஃபிளாஷ், பின்னணிக்கு ஷட்டர் என இரண்டையும் தனித்தனியே கணக்கிடுவதே இதன் நுட்பம்.

நண்பகல் வெயிலிலும் ஃபிளாஷ் பயன்படும். கண்களின்கீழ் விழும் நிழலை அது தணிக்கும். அறைக்குள் ஃபிளாஷை நேரே காட்டாமல் வெண்ணிறக் கூரையை நோக்கித் திருப்பினால், ஒளி பரவி மென்மையாக விழும்.

ஃபிளாஷைத் தவிர்க்க வேண்டிய இடங்களும் உண்டு. அஜந்தாக் குகைகளின் தொன்மையான ஓவியங்களைக் காக்கும்பொருட்டு, அங்கு ஃபிளாஷ் தடை செய்யப்பட்டுள்ளது. அங்கே ஐ.எஸ்.ஓ.வை உயர்த்திக் கையை அசைக்காமல் எடுப்பதே வழி.

முன்னறிந்து முடிவு செய்தல்

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா (1913–2012), நாடு விடுதலை பெற்ற காலத்தின் நிகழ்ச்சிகள் பலவற்றைத் தில்லியில் பதிவு செய்தார். 2011-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. அக்காலத்து ஃபிளாஷ் பல்பு ஒருமுறை ஒளிர்ந்ததும் பயனற்றுவிடும். அடுத்த படத்திற்கு வேறு பல்பைப் பொருத்த வேண்டும். எடுத்த படத்தை உடனே பார்க்கத் திரையும் இல்லை. எனவே தொலைவு, துளை, நேரம் ஆகிய அனைத்தையும் பொத்தானை அழுத்துமுன்பே மனத்தில் கணக்கிட வேண்டியிருந்தது.

இன்று படத்தை உடனே சரிபார்க்கலாம். பிழையானால் மீண்டும் எடுக்கலாம். ஆனால் கைகுலுக்கலும், கொடியேற்றமும், ஒரு கணப் புன்னகையும் மறுமுறைக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே, நிகழ்ச்சி தொடங்குமுன் ஒரு படம் எடுத்து ஒளியளவைச் சரிபார்த்துக்கொள்வதே சிறந்த பழக்கமாகும்.

செயல்பாடு: ஒரே இடத்தில் வெள்ளைத் துணியையும் கறுப்புத் துணியையும் சட்டம் நிறையத் தனித்தனியே படமெடுக்க. இரு படங்களிலும் துணியின் நிறம் எவ்வாறு மாறியுள்ளது என ஒப்பிட்டு, அதற்கான காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.