பிள்ளை குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால்...

"என் பிள்ளையா? இருக்கவே இருக்காது! கூட இருந்த பசங்கதான் கெடுத்திருப்பாங்க!"

இப்படிச் சொல்லாத அம்மா உண்டா? ஆனால் இரவு பதினொரு மணிக்குப் போன் வந்து, "உங்க பையன் குடிச்சிட்டு வண்டி ஓட்டியிருக்கான். வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போலீஸ்காரர் சொல்லும்போது இந்தப் பேச்சு எதற்கும் உதவாது. அன்று இரவும் அடுத்த சில நாட்களும் பெற்றவர்கள் நடந்துகொள்கிற விதம் பிள்ளையைத் திருத்தவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

சென்ற ஆண்டு என் நாத்தனார் வீட்டில் இது நடந்தது. பையனுக்கு வயது 19. கல்லூரியில் இரண்டாம் வருடம். நண்பனின் பிறந்த நாள் என்று போனவன், திரும்பும் வழியில் சோதனையில் மாட்டிக்கொண்டான். அந்த நாட்களில் கூடவே இருந்து பார்த்ததையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். எந்த வீட்டுக்காவது பயன்படட்டும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

கோபம் மறுநாள் வரை காத்திருக்கட்டும். பிள்ளை எங்காவது விழுந்தானா, தலையில் அடிபட்டதா என்று முதலில் பாருங்கள். உளறலும் மயக்கமும் குடியால்தான் என்று நினைத்து, தலைக் காயத்தைக் கோட்டைவிட்டுவிடக் கூடாது. வாந்தி எடுத்தால் புரையேறாமல் இருக்க ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியே விடாதீர்கள். தூக்க மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலம் பூக்கிறது என்றால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மோர், எலுமிச்சை, கறுப்புக் காப்பி, தலையில் பச்சைத் தண்ணீர் என்று பாட்டி வைத்தியம் ஆளாளுக்குச் சொல்வார்கள். எதுவும் போதையைச் சீக்கிரம் இறக்காது. கல்லீரல் தன் வேகத்தில், மணிக்குச் சுமார் ஒரு சிறு அளவு மதுவைத்தான் கரைக்கும். இரவு நிறையக் குடித்தவன் விடிந்ததும் வண்டியை எடுத்தால், அப்போதும் ரத்தத்தில் மது இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி குற்றம். 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். லைசென்ஸையும் நிறுத்தி வைக்கலாம்.

பையனுக்கு 18 நிரம்பவில்லை என்றால் விஷயம் இன்னும் பெரிது. 199-ஏ பிரிவின்படி, வண்டியைக் கொடுத்த பெற்றோர் அல்லது சொந்தக்காரர் மீதே வழக்கு வரும். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. தங்களுக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்பதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். "பக்கத்துக் கடைக்குத்தானே!" என்று பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைத் தூக்கிக் கொடுக்கும் சகோதரிகள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று தவிக்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

"தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்!"

எங்கள் வீட்டில் பெரிய சண்டையே இதில்தான் வந்தது. "ஒரு போன் போட்டா கேஸே இல்லாம பண்ணிடலாம்" என்றார் நாத்தனாரின் கணவர். "ஒரே பேரன், கோர்ட் வாசல்ல நிக்கணுமா?" என்று மாமியார் ஒரு பக்கம் அழுகை. நாத்தனார் என்னைப் பார்த்து, "அண்ணி, நீங்களே சொல்லுங்க. இன்னிக்கு நாம காப்பாத்திட்டா, அடுத்த தடவை அவன் யாரையாவது இடிச்சுட்டு வந்து நிப்பான். அப்பவும் போன் போடுறதா?" என்று கேட்டாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அவள் பயந்தது வீண் பயமல்ல. 2024 மே மாதம் புனேயில் நடந்தது நினைவிருக்கும். 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளம் என்ஜினியர்கள் இறந்தார்கள். விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததில் நாடே கொதித்தது. பிறகு, பையனின் ரத்த மாதிரியையே மாற்றியதாகக் குற்றம் சாட்டி, அப்பா அம்மா இருவரையும் போலீஸ் கைது செய்தது. பிள்ளையைக் காப்பாற்ற நினைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று நாம் யோசிக்க இது ஒன்று போதும்.

பையன் கோர்ட்டுக்குப் போனான். அம்மா கூடப் போனாள், ஆனால் அவனுக்காகப் பேசவில்லை. 10,000 ரூபாய் அபராதத்தை அப்பா கடனாகத்தான் கொடுத்தார். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து ஏழு மாதத்தில் அடைத்தான். லைசென்ஸ் போன மூன்று மாதமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனான்.

மறுநாள் பேச்சு

போதை தெளிந்து, சாப்பிட்ட பிறகு பேசுங்கள். "நீ உயிரோட வந்ததே எனக்குப் போதும். ஆனா நடந்ததை ஒண்ணு விடாம சொல்லு" என்று ஆரம்பித்தாள் என் நாத்தனார். எத்தனை நாளாக, யாரோடு, யார் வாங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 21 வயதாகாதவருக்கு மது விற்கவே கூடாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இவற்றைத் தவிருங்கள்:

* அடிப்பது, சொந்தக்காரர் முன்னால் மானத்தை வாங்குவது.

* "அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார்" என்று மூடி மறைப்பது. அம்மா மறைக்கிறாள் என்று தெரிந்தால், அடுத்த தப்புக்கும் அவளே துணை என்று பிள்ளை கணக்குப் போடும்.

* நாள் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது.

* "பரீட்சை எழுதக் கூடாது", "கல்லூரிக்கே போக வேண்டாம்" போன்ற, நாமே கடைப்பிடிக்க முடியாத தண்டனைகள்.

தண்டனை செய்த தப்போடு சேர்ந்ததாக இருக்கட்டும். வண்டியில் தப்பு செய்தவனுக்கு வண்டி இல்லை. அவ்வளவுதான்.

அந்தப் பேச்சின் நடுவே பையன் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா மட்டும் ஞாயித்துக்கிழமை குடிக்கலாமா?" அறையே அமைதியாகிவிட்டது. அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. "நியாயமான கேள்விதான். இனிமே இந்த வீட்டுக்குள்ள பாட்டில் வராது" என்றார். இதுவரை வரவில்லை. நூறு புத்திமதியைவிட இதுதான் பிள்ளையின் மனதில் தைத்தது என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் தப்பா, பழக்கமா?

ஒரு தடவை பிடிபட்டதும் குடிகாரன் என்று முத்திரை குத்த வேண்டாம். அதே நேரம், வீட்டில் பணம் காணாமல் போவது, படிப்பில் திடீர் சரிவு, காலையிலேயே வாடை, கை நடுக்கம், ஓயாத பொய், முன்பு குடித்த அளவு போதாமல் போவது, இவை இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இளம் வயதில் முன்யோசனைக்கு உரிய மூளைப் பகுதி முழு வளர்ச்சி அடைந்திருக்காது. இருபத்தைந்து வயது வரைகூட அது வளர்கிறது. அதனால் இந்த வயதில் குடி சுலபமாகப் பற்றிக்கொள்ளும். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்கள் உள்ளன. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடியை நோயாகவே பார்த்து சிகிச்சை தருகிறது. அங்கே போவதில் வெட்கம் எதற்கு?

ஓர் ஒப்பந்தம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1981-இல் பள்ளி மாணவர்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கியது. பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் ஒன்றை அது பரப்பியது. நாமும் வீட்டில் இப்படி எழுதி வைத்துக்கொள்ளலாம்:

பிள்ளை: "குடித்திருந்தால் வண்டியைத் தொட மாட்டேன். குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறவும் மாட்டேன். எந்த நேரமானாலும் வீட்டுக்குப் போன் செய்வேன்."

பெற்றோர்: "எந்த நேரமானாலும் வந்து அழைத்துப் போவோம். அந்த இரவில் கத்த மாட்டோம். பேச வேண்டியதை மறுநாள் பேசுவோம்."

இப்படி எழுதினால் குடிக்க அனுமதி கொடுத்ததாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. குடித்ததற்குக் கணக்கு மறுநாள் உண்டு. ஆனால் அதைக் கேட்பதற்குப் பிள்ளை உயிரோடு வீடு வந்து சேர வேண்டும். வழியில் வருகிற இன்னொரு தாயின் பிள்ளையும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்.