ஊட்டி மலை ரயில்: புகை விடும் பாதி எது தெரியுமா?

மூணு வருஷத்துக்கு முன்னால் அம்மாவை ஊட்டி மலை ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கூல் லீவு விட்டதும் நீராவி ரயிலில் பாட்டி ஊருக்குப் போன தலைமுறை அவர். "அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கணும்டி" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கெத்தாக மொபைலை எடுத்து, குன்னூர் டு ஊட்டி ரெண்டு டிக்கெட் போட்டேன். நீலக்கலர் பெட்டி, ஜன்னலோர சீட், தேயிலைத் தோட்டம்... எல்லாமே சூப்பர். ஆனால், இன்ஜின் டீசல். ஊட்டியில் இறங்கியதும் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "புகை எங்கடி?"

ரீல்ஸில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுகிற நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மொத்தம் 46 கி.மீ. இதில் மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதிதான் நீராவி இன்ஜின். குன்னூரில் இன்ஜினை மாற்றிவிடுவார்கள். அங்கிருந்து ஊட்டிக்குப் பெரும்பாலும் டீசல்தான். குன்னூர் - ஊட்டிக்கு ஒரு நாளில் பல ட்ரிப் இருப்பதால், ஊட்டிக்கு டூர் வந்தவர்கள் அதில் ஒரு ரவுண்டு போய்விட்டு, 'நீராவி ரயிலில் போயாச்சு' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறார்கள். கீழ்ப்பாதியிலோ வழக்கமான சர்வீஸ் தினமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. அவ்வளவுதான்! சீசனில் ஸ்பெஷல் ரயில்கள் விட்டால் உண்டு.

அது ஏன் கீழ்ப்பாதிக்கு மட்டும் நீராவி? காரணம், அந்த ஏற்றம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203 மீட்டர். மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு வரை சமதளம். அதன் பிறகு குன்னூர் வரை சுமார் 19 கி.மீ. தூரத்துக்கு, சில இடங்களில் 12 அடி முன்னே போனால் ஒரு அடி மேலே ஏற வேண்டும். சாதாரண ரயில் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கும். அதனால் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று ஓடுகிறது. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். இந்தியாவில் இப்படி ஓடும் ஒரே ரயில் இதுதான். இந்த வேலைக்கென்றே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து கொண்டுவந்தவை 'எக்ஸ் கிளாஸ்' இன்ஜின்கள். ஒரு ஜோடி சிலிண்டர் சாதாரண சக்கரத்தை உருட்டும். அங்கே வேலை முடித்த அதே நீராவி, அடுத்த ஜோடிக்குப் போய் பல்சக்கரத்தைச் சுற்றும். பிற்பாடு நம்ம திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலேயே புது இன்ஜின்கள் செய்தார்கள். நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயில் எரியும் இன்ஜின்களும் ஓடுவதால், கரி வாசனையை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இன்னொரு விஷயம், மேலே ஏறும்போது இன்ஜின் முன்னால் இருக்காது. பின்னாலிருந்து தள்ளும். அப்படியென்றால் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதே? தெரியாதுதான். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முதல் பெட்டியில் நிற்பவர்தான் டிரைவருக்குக் கண். பாதையில் யானையோ, சரிந்த பாறையோ தெரிந்தால் அவர் கொடி காட்ட, அடுத்தடுத்து நிற்பவர்கள் அதைப் பின்னால் கடத்துவார்கள். வளைவுகள் மட்டும் 208, குகைகள் 16. எல்லாவற்றிலும் வெயிலோ மழையோ அவர் நின்றுகொண்டேதான் வருவார். செல்ஃபிக்காகக் கதவோரம் தொங்கி, பின்னால் நிற்பவருக்கு அவர் கொடியை மறைத்துவிடாதீர்கள் பாஸ்!

வழியில் ஹில்குரோவில் ரயில் நிற்கும். நமக்கு அது டீ பிரேக், இன்ஜினுக்குத் தண்ணீர் பிரேக். நீராவி இன்ஜின் குடிக்கிற தண்ணீருக்கு அளவே இல்லை. கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தால் ஒளித்து வையுங்கள், குரங்குகள் நம்மைவிட உஷார். இது யானைகளின் வழித்தடமும்கூட. இதே ஹில்குரோவில் பாதையோரம் எழுப்பிய சுவரைத் தாண்ட முடியாமல் யானைகள் தவித்த வீடியோ வைரலாகி, 2022-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். சிப்ஸ் கவரை ஜன்னல் வழியாக எறிவதற்கு முன்னால் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டிக்கெட்டுக்கு வருவோம். புக் பண்ணும்போது ஸ்டேஷன் கோடு முக்கியம். மேட்டுப்பாளையம் எம்டிபி, குன்னூர் ஓஎன்ஆர், ஊட்டி யுஏஎம். உங்கள் டிக்கெட்டில் எம்டிபி இருந்தால்தான் நீராவி. காலை 7.10-க்குக் கிளம்பி, பத்தரை வாக்கில் குன்னூர், மதியம் 12 மணி வாக்கில் ஊட்டி. நேரம் மாறலாம், கிளம்பும் முன் ஒருமுறை செக் பண்ணிவிடுங்கள். சென்னைக்காரர்கள் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் நேராக மேட்டுப்பாளையத்தில் இறங்கி இதைப் பிடிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் புக்கிங் திறக்கும் நாளிலேயே உட்கார்ந்தால்தான் உண்டு. மேலே போக கிடைக்கவில்லையா? மதியம் ஊட்டியிலிருந்து இறங்கும் ரயிலைப் பாருங்கள். குன்னூருக்குக் கீழே அதே நீராவி இன்ஜின்தான். ஆனால், ஏறும்போது அது மூச்சு வாங்குகிற சத்தம் இறக்கத்தில் இருக்காது. எனக்கு ஏற்றம்தான் பிடிக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் யோசித்துப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு வந்தால் நாள் கணக்கில் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். ஹோட்டலுக்கு முழுப்பணம் கட்டிவிட்டு மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில் நிற்கிற கொடுமை வேண்டாம்.

குன்னூர் வரை ரயில் வந்தது 1899-ல், ஊட்டி வரை 1908-ல். யுனெஸ்கோ 2005-ல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 'தைய்ய தைய்யா' பாட்டில் கூரை மேல் ஆடியது இந்த ரயிலில்தான் என்பது உங்களுக்கே தெரியும். காடு வழியாக மெதுவாக ஊர்ந்து போகும் இதில், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் குன்னூர் போய்ச் சேர. பெரும்பாலும் டவர் கிடைக்காது. பவர் பேங்கைவிட ஸ்வெட்டர்தான் அவசியம்.

போன ஜனவரியில் அம்மாவை மறுபடியும் கூட்டிப்போனேன், இந்த முறை எம்டிபியிலிருந்து. கல்லாறு தாண்டி பல்சக்கரம் கவ்வியதும் பெட்டி லேசாக ஒரு உதறல் உதறியது. அதன் பிறகு அம்மா பேசவே இல்லை. குன்னூரில் எல்லோரும் வடை வாங்க ஓட, அவர் மட்டும் பிளாட்பாரத்தின் கடைசிக்கு நடந்தார். இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அது பெருமூச்சு மாதிரி ஒரு தடவை ஆவியை விட, அம்மாவின் மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. அவர் அதைத் துடைக்கவே இல்லை.