சிங்க்கில் ஊற்றும் எண்ணெய் எங்கே போகிறது?

வடை, பஜ்ஜி பொரித்து முடித்ததும் வாணலியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருக்கும். அதை சிங்க்கில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், தெருவுக்கு அடியில் அப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

நெய், வனஸ்பதி, இறைச்சிக் கொழுப்பு எல்லாம் ஆறியதும் உறைந்து குழாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். 'சமையல் எண்ணெய்தான் உறையாதே?' என்று கேட்கலாம். அது கழிவுநீரில் கொழுப்பு அமிலங்களாக உடைகிறது. அங்குள்ள கால்சியத்துடன் அந்த அமிலங்கள் சேர்ந்து, சோப்புக்கட்டி மாதிரி இறுகிவிடுகின்றன. கான்கிரீட் குழாயிலிருந்தும் இந்தக் கால்சியம் கிடைக்கும். இதில் வெட் வைப்ஸ், நாப்கின் சிக்கினால் குழாய் மொத்தமாக அடைத்துக்கொள்ளும்.

எவ்வளவு பெரிதாகும்?

2017-ல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில், சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்கு இப்படியொரு கொழுப்புப் பாறை கண்டுபிடிக்கப்பட்டது. எடை சுமார் 130 டன். அதை உடைத்து அகற்ற வாரக்கணக்கில் ஆனது. அதன் ஒரு துண்டு 2018-ல் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கும் வைக்கப்பட்டது.

'சுடுதண்ணி ஊத்துனா கரைஞ்சிடுமே?'

கரையாது, இடம்தான் மாறும். உங்கள் வீட்டுக் குழாயைத் தாண்டி, தெருக் குழாயில் ஆறி மறுபடியும் உறையும். பாத்திரம் கழுவும் லிக்விடும் அப்படித்தான், தற்காலிகமாகத்தான் எண்ணெயைப் பிரித்து வைக்கும்.

யாருக்குப் பாதிப்பு?

அடைப்பு ஏற்பட்டால் கழிவுநீர் வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, அடைப்பை எடுக்க உள்ளே இறக்கப்படும் தொழிலாளிக்கு. தேங்கிய கழிவில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆட்களை இறக்குவதை 2013-ம் ஆண்டு சட்டம் தடைசெய்கிறது. ஆனாலும் மரணங்கள் நிற்கவில்லை. பாதாளச் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

என்ன செய்யலாம்?

* பாத்திரத்தைக் கழுவும் முன் பழைய பேப்பரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.
* மிச்ச எண்ணெயை ஆறவிட்டு, பழைய பாட்டிலில் சேர்த்து வையுங்கள். பயன்படுத்திய எண்ணெயை பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் தொடங்கியது. உங்கள் ஊரில் சேகரிப்பவர்கள் இருந்தால் கொடுத்துவிடலாம்.
* சிங்க் துளையில் சல்லடை போடுங்கள். வெட் வைப்ஸ், நாப்கினை டாய்லெட்டில் போடவே வேண்டாம்.
* ஓட்டல், கேன்டீன் நடத்துபவர்கள் 'கிரீஸ் டிராப்' தொட்டி அமைக்க வேண்டும். தண்ணீர் அதில் மெதுவாக நகரும்போது கொழுப்பு மேலே மிதந்து தங்கிவிடும், கீழேயுள்ள நீர் மட்டும் வெளியேறும். தேங்கும் கொழுப்பை அடிக்கடி அள்ளாவிட்டால், தொட்டி இருந்தும் பயனில்லை.

ஒரு வீட்டின் ஒரு கரண்டி எண்ணெய் சின்ன விஷயம்தான். தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கரண்டியும் ஒரே குழாயில்தான் போய்ச் சேருகிறது.