காவல் என்னும் பெயரில்: ஊவாத் தோட்டச் சிறுமியரும் வீட்டுவேலையும்

பெண்குழந்தைகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கம் ஆபிரிக்காவில் எங்கோ நிகழ்வது என எண்ணுவோர் நம்மிடையே பலர். ஆனால் இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களிற் சிலரிடையிலும், மலாயரிடையிலும், போரா சமூகத்தாரிடையிலும் அது உண்டு. குழந்தை பிறந்து நாற்பது நாள் அளவில் 'ஒஸ்தா மாமி' எனப்படும் பெண்ணொருவர் அழைக்கப்படுவார். 2018ஆம் ஆண்டிலே, மருத்துவத் துறையினர் இதனைச் செய்தலாகாது எனச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. அச்சமூகத்துப் பெண்கள் சிலர் தாம் பட்டதை வெளிப்படக் கூறியதன் பின்னரே அது வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

தோட்டத் தமிழரிடையே இவ்வழக்கம் இல்லை. அதைக் கூறி நாம் மனநிறைவு கொள்ளலாமா என்பதே இங்கு எழும் வினா. ஒஸ்தா மாமியை அழைக்கும் தாய் தன் மகளுக்குத் தீங்கு செய்வதாக எண்ணுவதில்லை. அவளுடைய மானத்துக்குக் காவலிடுவதாகவே கருதுகிறாள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைத் தோட்டங்களிலிருந்து மகளைக் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பும் தாயும் ஏறத்தாழ அதனையே கூறுவாள். "பெரிய வீட்டில் பத்திரமாக இருக்கட்டும்" என்பது லயங்களிலே நாம் கேட்டுப் பழகிய வாக்கியம்.

அவ்வாக்கியத்தின் பொருளடிப்படையை நோக்குவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்கிறது. தாய் விடியலிற் பிரட்டுக்களத்திற்குப் போனால் மாலையில்தான் மீள்கிறாள். பூப்பெய்திய மகளை எவர் பார்த்துக்கொள்வது? தாயின் அச்சம் பொய்யன்று. ஆனால் அவ்வச்சத்தை விலைக்கு வாங்கத் தரகன் ஒருவன் காத்திருக்கிறான். முற்பணம் தகப்பன் கையிற் சேர்கிறது. சம்பளமும் பெரும்பாலும் அவ்வழியே போகிறது. தீபாவளிக்குப் புத்தாடையுடன் மகள் வருவாள் என்பது வாக்குறுதி. கங்காணி முற்பணமும் துண்டு முறையும் தோட்டத் தொழிலாளரைக் கடனாற் பிணித்த வரலாற்றை அறிந்தோருக்கு இது புதியதன்று. 1921இல் துண்டு முறையைச் சட்டம் தடுத்தது. சிறுமியின் மேற் கொடுக்கப்படும் முற்பணமோ எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

இலக்கிய மாணவர் என்ற வகையில் நம் கருத்தை ஈர்ப்பது பிறிதொன்று. மலையகத்து நாட்டார் பாடல்களிலே கங்காணி உண்டு, துரை உண்டு, அரைப்பேர் போட்ட கொடுமை உண்டு, கடல் கடந்து வந்த துயரும் உண்டு. வீட்டுவேலைக்குப் போன சிறுமியை அங்கு காண்பது அரிது. காரணம் வெளிப்படையானது. பாடல் கூட்டுழைப்பிற் பிறப்பது. நிரையில் நின்று கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒருவர் சொல்லை மற்றவர் எடுத்துப் பாடுவர். பிறர் வீட்டு அடுக்களையிலோ அவள் தனியள். கேட்பாரும் இல்லை, எதிர்ப்பாட்டும் இல்லை. சங்கம் அமைப்பதற்கும் இதே தடைதான் (நம் தொழிற்சங்கத் தலைவர்கள் சந்தாப் பட்டியலுக்கு அப்பாற் பார்ப்பதில்லை என்பது வேறு கதை). தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் போன்றோரின் எழுத்தின் வழியே லயத்து வாழ்வு ஏட்டில் ஏறியது. லயத்தை விட்டுப் போனவளின் வாழ்வு இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

அவள் செய்தியாவது பெரும்பாலும் இறந்த பின்னரே. 2021 ஜூலையில் டயகமத் தோட்டத்துப் பதினாறு வயதுச் சிறுமி, கொழும்பில் தான் வேலைசெய்த வீட்டில் தீக்காயமுற்று மருத்துவமனையில் இறந்தாள். மலையகமெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். டயகம நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் தரகனின் பாதைக்கு மாகாண எல்லை கிடையாது.

சட்டம் இல்லாமலில்லை. சிறுவருக்குக் கொடுமை செய்வதைத் தண்டனைக் கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம் வந்தது. கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்ந்தது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் பதினாறாக்கப்பட்டது. டயகமச் சிறுமி இறந்தது அதே ஆண்டிலேதான். சட்டம் வயதைக் கூட்டியது. காம்பராவைப் பெரிதாக்கவில்லை, தாயின் நாட்சம்பளத்தைக் குடும்பம் வாழப் போதுமானதாக்கவும் இல்லை. இவ்விரண்டும் மாறாதவரை தரகனுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

ஆயினும் அமைப்பு மாறும்வரை கைகட்டியிருத்தல் மார்க்சியம் ஆகாது. ஒரு சிறுமி லயத்தை விட்டுப் போவதை முதலில் அறிவது வகுப்பின் வரவுப் பதிவேடு. தொடர்ந்து சில நாள் வரவில்லையெனில் ஆசிரியர் லயத்திற்குச் சென்று விசாரிக்கலாம். அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். நம் பல்கலைக்கழகங்களிற் பயின்று வெளியேறிய பட்டதாரிகள் பலர் இன்று அத்தோட்டப் பாடசாலைகளிலேயே கற்பிக்கின்றனர். அப்பதிவேடு அவர்கள் மேசைமேல் இருக்கிறது.